சாதாவா, பிரீமியமா

புது காருக்கு முதல் பெட்ரோல் எந்த பங்கில் போடுவது என்பதை, எந்த கார் வாங்குவது என்று தீர்மானிப்பதற்கு முன்பே நான் தீர்மானித்துவிட்டேன். வேலூரிலிருந்து ஆம்பூர் வரும் நெடுஞ்சாலையில், மாதனூருக்குச் சற்று முன்னால் இடது பக்கம் ஒரு பங்க் இருக்கிறது. அதை நடத்துகிறவர் பதினோரு வருடங்களுக்கு முன்னால் என்னை வேலையை விட்டுத் துரத்தியவர். அவர் கண்ணெதிரே காரை நிறுத்த வேண்டும், கண்ணாடியை இறக்க வேண்டும், அவர் என்னை அடையாளம் கண்டு முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் கார் வாங்கினேன் என்று என் கணவர் சொல்வார். பாதி உண்மை.

கார் சிறியதுதான். ஆனால் டர்போ. வேலூர் ஷோரூமில் சாவி கொடுத்த பையன், "பிரீமியம் பெட்ரோல் போட்டா நல்லது மேடம், ஆனா கட்டாயம்னு இல்ல" என்று இரண்டு பக்கமும் கால் வைத்தான். என் கணவர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். வண்டி நகர்வதற்கு முன்பே காரோடு வந்த கையேட்டை எடுத்து எரிபொருள் பக்கத்தைப் படித்துவிட்டார்.

"சாதா பெட்ரோலே போதும்னு போட்டிருக்கும்மா. இன்னாத்துக்கு பிரீமியம்?"

"இன்னிக்கு பிரீமியம்தான்" என்றேன். அவருக்குக் காரணம் தெரியும். கையேட்டை மூடி வைத்துவிட்டார்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். கன்வேயர் கடைசியில் நின்று, வரும் ஷூக்களைத் திருப்பிப் பார்த்து, சரியென்றால் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பங்க் நடத்துகிறவர்தான் அப்போது அங்கே புரொடக்‌ஷன் மேனேஜர். ஒரு வாரம் பிரவுன் நிற ஆண்கள் ஷூ ஓடியது. கன்டெய்னர் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. பூசிய கம், அதாவது பசை, காய்ந்த பிறகுதான் அடிப்பாகமான சோலை வைத்து அழுத்த வேண்டும். அது காய்வதற்குள் சோல் ஏறும் அளவுக்குக் கன்வேயரை வேகப்படுத்தச் சொன்னார் அவர். நான் ஒரு ஷூவைக் கையில் எடுத்து முனையில் இழுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் பிரிந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"ஏம்மா, நீ இழுக்கற இழுப்புக்கு இரும்பே பிஞ்சிடும்" என்று சிரித்தார். "கையெழுத்து போடு. எதுனா வந்தா நான் பாத்துக்கறேன்."

போட்டேன். அது என் தப்பு, இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வீட்டில் என் சம்பளம் தேவைப்பட்டது. அவர் பாத்துக்கறேன் என்றார்.

சரக்கு திரும்பி வந்தது. முதலாளி அறையில் கூட்டம் போட்டார்கள். மேனேஜர் என் கையெழுத்திருந்த தாளை மேஜை மேல் வைத்து, "சைன் இவங்களுதுதான் சார்" என்றார். நீங்கள்தானே போடச் சொன்னீர்கள் என்று கேட்டேன். குரலை உயர்த்தாமல், உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவர் மாதிரி, "நான் எப்ப சொன்னேன்?" என்றார். அந்த ஆச்சரியத்தை எத்தனையோ தடவை கனவில் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே கணக்கை முடித்தார்கள். கேட்டில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, பையைச் சோதிக்க வேண்டும் என்றார் செக்யூரிட்டி. மேனேஜர் போன் பண்ணிச் சொன்னாராம். பை மொத்தத்தையும் மேஜை மேல் கவிழ்த்தார்கள். டிபன் பாக்ஸ், சீப்பு, பஸ் பாஸ், அந்த நாட்களுக்காகத் துணியில் சுற்றி வைத்திருந்தவை எல்லாம் வெளியே விழுந்தன. எதிரே கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. என் லைனில் வேலை செய்த நாற்பது பெண்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் இறங்கவில்லை.

பையைச் சோதித்தார்கள் என்ற செய்தி ஊருக்குள் போகும்போது, தோல் திருடினாள் என்று ஆகிவிட்டது. நெமிலியிலிருந்து பேசி முடித்திருந்த சம்பந்தம், பெண்ணுக்கு வயசு ஜாஸ்தி என்று காரணம் சொல்லி விலகிக்கொண்டது. முந்தின மாதம் வரை வயசு சரியாகத்தான் இருந்தது. அப்பா ஒரு தோல் பதனிடும் ஷெட்டில், தோலைச் சுழற்றி ஊறவைக்கும் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஷூ கம்பெனி வாசல் வழியாகத்தான் அவர் சைக்கிளில் வேலைக்குப் போவார். அதற்குப் பிறகு ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்தது. வேலைக்குப் போய்க்கொண்டே டிப்ளமோ படித்தேன். கணவரைச் சந்தித்ததும் அங்கேதான், எங்கள் விடுதிக்கு எதிர்வீட்டு மாடியில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். இன்று வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்களுக்காகக் கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சரக்கை ஆய்வு செய்வது என் வேலை. நான் வேண்டாம் என்றால் கன்டெய்னர் நகராது. என்றைக்காவது அந்தப் பழைய கம்பெனிக்கு ஆய்வுக்குப் போவேன், அவர் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போடுவார் என்று காத்திருந்தேன். கடைசியில் ஒரு நாள் போனபோது அந்த இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழைய மேனேஜர் ஓய்வு பெற்று, மைத்துனரோடு சேர்ந்து பங்க் எடுத்திருப்பதாகச் சொன்னார்கள்.

கார் எடுத்த அன்று கணவரோடு நான் பங்குக்குப் போனபோது அவரே வெளியே நின்றிருந்தார். தலைக்குச் சாயம், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் அதே மாதிரி இரண்டு பேனா. நெற்றியில் பொட்டு காயாத புது காரைப் பார்த்ததும் சிரித்தபடி நெருங்கி வந்தார். நான் கண்ணாடியை இறக்கினேன். நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"வாழ்த்துக்கள் மேடம். டர்போவா? பிரீமியம்தான் போடணும். சாதா போட்டீங்கன்னா ஆறு மாசத்துல இன்ஜின் தட்ட ஆரம்பிச்சிடும். நான் கேரண்டி."

அவருக்கு என்னைத் தெரியவில்லை.

கீழ்வரிசைப் பற்கள் தெரிய அவர் சிரித்ததைப் பார்த்துக்கொண்டும், பெட்ரோல் போடும் பெண் "சைபர் பாத்துக்கங்க மேடம்" என்றதைக் கேட்டுக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன். டேங்க் நிறைந்தது. வண்டியை எடுத்து ஒரு கிலோமீட்டர் வந்து ஓரமாக நிறுத்தினேன். பதினோரு வருடம் நான் அவரை நினைக்காத நாளில்லை. அவர் மனதில் எனக்கு ஒரு மூலைகூட இல்லை. கேட்டில் பையைக் கவிழ்த்ததைவிட அன்றைக்குத்தான் எனக்கு அதிகமாக எரிந்தது.

"விட்டுடும்மா" என்றார் கணவர்.

"அந்த ஆளு சொன்னது நிஜமா? சாதா போட்டா இன்ஜின் போய்டுமா?"

"அந்த இன்ஜினுக்கு இவ்ளோ ஆக்டேன் வேணும்னு புக்குல இருக்கு. சாதாலயே அது இருக்கு. அதுக்கு மேல போட்டா இந்த இன்ஜினுக்கு அதால பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல. கேரண்டிலாம் சும்மா வாய்ல வர்றது."

வாயில் வருவதை உண்மை மாதிரி சொல்வது அந்தப் பழைய மேனேஜருக்குப் பழக்கம் என்று எனக்கு முன்பே தெரியும். அன்றைக்கு அவரை எதில் பிடிக்கலாம் என்று புரிந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஆய்வு. ஒரு நோட்டு வாங்கினேன். ஒரு மாதம் பிரீமியம் மட்டும், அடுத்த மாதம் சாதா மட்டும். இப்போது வீடு இருக்கும் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை போய்த் திரும்பும் அதே சாலை, அதே நேரம், டயரில் அதே காற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர், மாமியார், நாத்தனார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கணியம்பாடி வழியாக அமிர்தி வரை போனேன். காட்டுச் சாலை ஏறும் இடத்தில் ஏசியை நிறுத்தி, எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, இன்ஜின் தட்டுகிறதா என்று கேட்பேன். "இது இன்னா பிக்னிக்கா பரீட்சையா?" என்று மாமியார் அலுத்துக்கொண்டார். இரண்டு மாதம் முடிந்து நோட்டைப் பார்த்தால், மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஏற்றத்தில் ஒரு தடவைகூட இன்ஜின் தட்டவில்லை. சர்வீஸ் சென்டரிலும் கேட்டேன். கையேட்டில் உள்ளது போதும் என்றார்கள். அதை அவர்கள் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

இதற்கிடையே இன்னொன்றையும் பார்த்தேன். சாதா வேண்டும் என்று வருகிறவர்களுக்கும் அந்த பங்கில் கேட்காமல் பிரீமியத்தைப் போட்டுவிடுகிறார்கள். பாதி ஏறிய பிறகு கவனித்துக் கேட்டால், "இன்ஜினுக்கு நல்லதுதான் சார், ஓனர்தான் சொன்னாரு" என்பார்கள். பைக்கில் வருகிறவர்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு ஞாயிறு காலை, கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போகிறவர்கள் வரிசையாக நிற்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். கணவர் வர மாட்டேன் என்றுவிட்டார். பங்க்காரர் வெளியேதான் நின்றிருந்தார்.

"சார், டர்போவுக்குச் சாதா போட்டா இன்ஜின் போய்டும்னு சொன்னீங்களே, அது எங்க போட்டிருக்கு?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்மா."

"எனக்குத் தெரியல. புக்கைக் கொண்டாந்திருக்கேன், காட்டுங்க."

அவர் காட்டவில்லை. கையேட்டின் பக்கத்தை நான் உரக்கப் படித்தேன். பின்னால் இருந்த வண்டி ஹாரன் அடித்தது. எனக்கு அது போதவில்லை. ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொன்னேன். அவர் பெட்ரோலில் ஏதாவது குறை இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். பாத்திரத்தில் கோடு வரை சரியாக வந்தது. கலப்படம் இருந்தால் கறை படியும், வடிதாளில் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். கறை இல்லாமல் ஆவியாகிப் போனது.

"பாத்தியாம்மா? கரெக்டா இருக்கா?" என்றார். கூட்டத்தைப் பார்த்து அதே சிரிப்பு. இரண்டு பேர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். "வேற வேல இல்ல போல" என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. பின்வாங்கியிருப்பேன். ஆனால் அவர் "சின்னப் பொண்ணு, பாவம்" என்று சேர்த்துச் சொன்னார். எனக்கு முப்பத்தெட்டு வயது.

"அளவு கரெக்ட். பெட்ரோல் கரெக்ட். நீங்க சொல்றதுதான் பொய்" என்றேன். "கேக்காமலே எல்லாருக்கும் பிரீமியம் போட வெக்கறீங்க. புகார் புத்தகம் கொண்டாங்க."

அதுவரை என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டிருந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் முன்னால் வந்தார். தோல் வியாபாரி, தொப்பி போட்ட பெரியவர். "அது உண்மதான். போன வாரம் எனக்கும் கேக்காம போட்டு வுட்டாங்க. நான் பேஜாரா போய்ட்டேன், ஆனா ஒண்ணும் சொல்லல." பின்னாலிருந்த ஆட்டோக்காரர், "எனக்கு மூணு தபா" என்றார். அதற்குப் பிறகு ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். புகார் புத்தகம் வர நேரமானது. வந்ததும் நான் எழுதினேன். கீழே அந்தப் பெரியவர், ஆட்டோக்காரர், இன்னும் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாரும்மா நீ?" என்றார்.

கம்பெனி பெயரைச் சொன்னேன். வருடத்தைச் சொன்னேன். பிரவுன் ஷூ லாட், சோல் பிரிந்தது, கேட்டில் பையைக் கவிழ்த்தது எல்லாம் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். "எத்தினியோ லாட் வந்துச்சு, எத்தினியோ பேர் போனாங்க. ஞாபகம் இல்லம்மா" என்றார். பொய் சொல்வது போலத் தெரியவில்லை.

எண்ணெய் நிறுவனத்திலிருந்து அதிகாரி வந்து விசாரித்தார். பங்க் நடுவில் பெரிய எழுத்தில் பலகை மாட்டினார்கள்: எந்தப் பெட்ரோல் என்று கேட்ட பிறகே நிரப்பப்படும். மைத்துனர் அவரை வெளியே நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கண்ணாடி அறைக்குள் உட்கார ஆரம்பித்தார். நான் வாரம் ஒரு தடவை அங்கேயே போய் சாதா போட்டேன். வேண்டுமென்றே அவர் அறைக்கு நேர் எதிரே நிறுத்துவேன். பெட்ரோல் போடும் பெண், "சாதாவா, பிரீமியமா மேடம்?" என்று கேட்பாள். நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருந்து, "சாதா" என்பேன். ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. டேங்க் பாதிக்கு மேல் இருந்தாலும் போனேன்.

"அந்த ஆளுக்கு வயசாய்டுச்சும்மா. இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்று கணவர் ஒரு நாள் கேட்டார்.

"ஞாபகம் வரணும்" என்றேன்.

வந்தது. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஆள் குறைவு போலிருக்கிறது, அவரே குழாயோடு வந்தார். "சாதாவா, பிரீமியமா?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார். சொன்னேன். போட்டுக்கொண்டே, மீட்டரைப் பார்த்தபடி பேசினார்.

"வீட்ல பழைய டைரி ஒண்ணு இருந்துச்சு. தேடி எடுத்துப் பாத்தேன். அந்த லாட்ல கன்வேயர ஏத்தச் சொன்னது நான்தான். கையெழுத்து போடுன்னு சொன்னதும் நான்தான். உன் பேர் எழுதி வெச்சிருக்கேன் அதுல."

எங்கே போனாலும் பேச்சைப் பதிவு செய்து வைப்பது என் வேலையில் பழகிப்போனது. அவர் நடந்து வருவதைப் பார்த்ததுமே போனில் பதிவை ஓடவிட்டிருந்தேன். "கேக்கல சார், மழைல" என்றேன். கேட்டிருந்தது. அவர் குனிந்து, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னார். பக்கத்துக் குழாயில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "பைய செக் பண்ணச் சொன்னதும் நான்தான். நீ முதலாளிகிட்ட திரும்பிப் போய்ப் பேசிடுவன்னு பயம். மனசுல வெச்சிக்காத."

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. மீதி சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் வரை உடம்பு லேசாக இருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், டர்போ ஒரு மூச்சு விட்டு இழுத்தது. சத்தமாகச் சிரித்தேன்.

அந்தக் காலத்து லைன் பெண்கள் சிலர் வைத்திருக்கும் வாட்ஸாப் குழு ஒன்றில் என்னையும் சேர்த்திருந்தார்கள். குழந்தைகள் பிறந்தநாள், ஜெபக்கூட்டம், புடவை விற்பனை என்று ஓடும் குழு. நான் அதில் எதுவும் எழுதியதில்லை. வீட்டுக்கு வந்து, உடையைக்கூட மாற்றாமல், அந்தப் பதிவை அப்படியே அனுப்பினேன். அவர் குரலை அவர்கள் எல்லாரும் கேட்க வேண்டும். நாற்பது ஜன்னல்களும் கேட்க வேண்டும்.

ஒவ்வொருவராகக் கேட்டார்கள் என்று நீலக் குறிகள் காட்டின. பிறகு எங்கள் லைனில் கம் பூசிக்கொண்டிருந்த அக்கா குரல் செய்தி அனுப்பினார். இப்போது பேரக்குழந்தை எடுத்துவிட்டவர். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"எங்களுக்கு அப்பவே தெரியும்மா. அந்தாளு கன்வேயர ஏத்தச் சொல்லும்போது நாங்க எல்லாம் அங்கதான இருந்தோம். அடுத்த நாளு ஆபீஸ்ல கூப்ட்டு வெச்சி, எதுனா பேசுனா நாளைக்கு பஸ்ஸும் கிடையாது, வேலையும் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. வேற இன்னா பண்றது? நீ நல்லா இருக்க இல்ல இப்ப? விடு."

கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. ஒருத்தி இதயம் போட்டாள்.

கணவர் காபி கொண்டுவந்து வைத்து, "இன்னாச்சு?" என்றார். நான் அந்தக் குரலை மறுபடியும் ஓடவிட்டுக் காட்டினேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "அவங்களயும் விட மாட்ட போல" என்றார். குழுவில் இருந்தவர்களின் பெயர்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். யார் எந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.